கல்லுக்குள் ஐதரசன், ஆழத்தில் துரு: மாணவர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மலையகத்தில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் என்ற பாடம் முடிகிற வாரத்தில், மீதமிருக்கும் நேரத்தில் பூமிக்கு அடியில் இரும்பு என்ன பாடுபடுகிறது என்று கொஞ்சம் பேசுவது வழக்கம். இது பரீட்சைக்கு வராது என்று தெரிந்த கணத்தில் கடைசி வாங்கு விழித்துக்கொள்ளும். அவர்கள் கேட்டவற்றை ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். அந்தக் குறிப்புத்தான் இது.

சொல் பற்றி ஒரு வார்த்தை. புவியோட்டுக்குக் கீழே தொடங்கி சுமார் 2,890 கிலோமீற்றர் ஆழம்வரை உள்ள பாறைப் பகுதியை மூடகம் என்று எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் கவசம் என்கின்றன. இரண்டும் ஒன்றே. அதை உருகிய குழம்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் திண்மப் பாறை. ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் ஊர்கிற திண்மம்.

பூமிக்கு அடியில் ஒரு பெருங்கடல் கண்டுபிடித்தார்களாமே, சேர்?

கடல் இல்லை. அலை இல்லை, ஈரம்கூட இல்லை. 2014இல் கிரகம் பியர்சனும் உடன் ஆய்வாளர்களும் பிரேசிலின் ஜூயினாப் பகுதியில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வூடைட்டு என்ற கனியத்தின் துணுக்கு ஒன்றைக் கண்டதாக அறிவித்தார்கள். தலைமயிர்த் தடிப்பைக்கூட எட்டாத துணுக்கு. அதன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீருக்குச் சமமான ஐதரசன் இருந்தது. ரிங்வூடைட்டு 520 கிலோமீற்றருக்கும் 660 கிலோமீற்றருக்கும் இடைப்பட்ட ஆழத்தில் நிலைத்திருக்கும் கனியம். அதற்குமுன் அதை விண்கற்களிலும் ஆய்வுகூட அமுக்கிகளிலும் மட்டுமே பார்த்திருந்தார்கள்.

செய்திக்காரர்கள் இந்தத் துணுக்கை முழுப் பூமிக்கும் பெருக்கிவிட்டார்கள். 410 முதல் 660 கிலோமீற்றர் வரையுள்ள இடைநிலை வலயம் முழுவதிலும் நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீர் இருந்தால், மேலே உள்ள கடல்கள் எல்லாவற்றையும்போல மூன்று மடங்கு வரும். இந்தப் பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் ஒரு தேநீர்க் கோப்பையின் சுவையை வைத்து நுவரெலியா மாவட்டத்துத் தேயிலை முழுவதற்கும் தரம் போட முடியுமா? ஒரு வைரம் சொல்வது ஓரிடத்தின் கதை.

தண்ணீர் இல்லாத கனியத்துக்குள் ஐதரசன் எப்படிப் போய்க் குந்துகிறது?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. மேல்மூடகத்தின் பெரும்பங்கு ஒலிவீன். அதன் சூத்திரத்தில் மக்னீசியம், இரும்பு, சிலிக்கன், ஒட்சிசன் உண்டு. ஐதரசனுக்கு அங்கே பெயரே இல்லை. கனியவியலாளர்கள் இப்படிப்பட்டவற்றைப் 'பெயரளவில் நீரற்ற கனியங்கள்' என்பார்கள். அந்தப் 'பெயரளவில்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

பளிங்கை, அதாவது படிகத்தை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயமாக எண்ணிப் பாருங்கள். வரிசையாகக் காம்பராக்கள். ஒவ்வொன்றிலும் யார் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. மக்னீசியம் இருக்க வேண்டிய ஒரு காம்பரா காலியாகிவிட்டால் இரண்டு நேர் ஏற்றங்கள் குறைகின்றன. அந்தக் குறையை யாராவது நிரப்பவேண்டும், இல்லையென்றால் பளிங்கு நிலைக்காது. ஆளுக்கொரு நேர் ஏற்றத்துடன் இரண்டு புரோத்தன்கள், அதாவது இலத்திரனை இழந்த ஐதரசன்கள், வந்து, காலி இடத்தைச் சுற்றியுள்ள ஒட்சிசன்களில் ஒட்டிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். சிலிக்கன் இடம் காலியானால் நான்கு புரோத்தன்கள் தேவை. மூன்றாவது வழியும் உண்டு: சிலிக்கனின் இடத்தில் அலுமினியம் உட்கார்ந்தால் ஓர் ஏற்றம் குறையும், அங்கே ஒரு புரோத்தன் போதும்.

ஆகவே கல்லுக்குள் தண்ணீர் மூலக்கூறு கிடையாது. ஒட்சிசனில் தொங்கும் ஐதரசன்தான் உண்டு. அதைத் 'தண்ணீர்' என்று எழுதுவது கணக்கு வசதிக்காக: ஐதரசனின் எடையை ஒன்பதால் பெருக்கினால் தண்ணீரின் எடை. கடலடி மலைத்தொடர்களுக்கு எரிகுழம்பு தரும் மேல்மூடகத்தில் இப்படி எழுதப்படும் தண்ணீர் பத்து இலட்சத்தில் 50 முதல் 200 பங்கு. 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ பாறையில் இரண்டு சொட்டு. ஒலிவீனே ஆழத்தில் அமுக்கப்பட்டு வேட்ஸ்லியைட்டாகவும் ரிங்வூடைட்டாகவும் உருமாறும்போது இடவசதி பெருகுகிறது: எடையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குவரை ஏற்கும். வேட்ஸ்லியைட்டு இப்படித் தண்ணீர் தாங்கும் என்று ஜோசப் சுமித் 1987இலேயே பளிங்கின் அமைப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஒட்சிசன்களில் ஒன்று எந்தச் சிலிக்கனோடும் சேராமல் நின்றதைக் கவனித்த கண் அது.

இரண்டு சொட்டுக்கு இத்தனை ஆரவாரமா?

ஆம். அந்த இரண்டு சொட்டு பாறையை மென்மையாக்கும், உருகும் வெப்பநிலையைத் தாழ்த்தும், மின் கடத்துதிறனை உயர்த்தும். கொத்துமல்லி நீரில் போடும் உப்பைப்போல, அளவு சிறிது, வேலை பெரிது.

ஒலிவீனை இங்கே பார்க்க முடியுமா?

மாணிக்கக்கல் வியாபாரிகள் பெரிடொட் என்று விற்கும் பச்சைக் கல்தான் ஒலிவீன். அந்தப் பச்சைக்குக் காரணம் இரண்டு ஏற்றம் கொண்ட இரும்பு. நம் நாட்டோடு தொடர்புடைய வேடிக்கை ஒன்று: இலங்கையின் இரத்தினச் சரளையில் கிடைத்த பழுப்புக் கல் ஒன்றை நெடுங்காலம் பழுப்பு ஒலிவீன் என்றே விற்றுவந்தார்கள். 1952இல்தான் அது போரனும் அலுமினியமும் மக்னீசியமும் கொண்ட வேறொரு கனியம் என்று நிலைநாட்டப்பட்டது. சிங்கலைட்டு என்று பெயர் வைத்தார்கள். ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டுக்கும் அணுக்கள் அடுக்கப்பட்ட முறை ஒன்றேதான்.

இரும்பின் ஒட்சியேற்ற நிலை என்றால் எங்கள் லயத்துத் தகரத்தில் பிடிக்கும் துருவா?

அதே இரும்பு, அதே இரசாயனம். நிலை என்பது அணு இழந்த இலத்திரன்களின் எண்ணிக்கை. தகரத்தில் உள்ள உலோக இரும்பின் நிலை பூச்சியம். துருவில் மூன்று. இரண்டுக்கும் நடுவில் 'இரண்டு' என்ற நிலை உண்டு. தேயிலை மலையை வெட்டிப் பாதை போட்ட இடத்தில் செம்மண் தெரிகிறதே, அது மூன்று. கீழே பள்ளத்தில் எப்போதும் நீர் நிற்கும் சேற்றைத் தோண்டினால் சாம்பல் நிறமாக வருகிறதே, அங்கே காற்றுப் புகாமல் இரும்பு இரண்டுக்கு இறங்கியிருக்கிறது. அந்தச் சேற்றை வெயிலில் ஒரு வாரம் போட்டுவையுங்கள், செம்புள்ளிகள் தோன்றும்.

மேல்மூடகத்தில் நூறு இரும்பு அணுக்களை எடுத்தால் இரண்டு முதல் நான்குதான் மூன்றாம் நிலையில் இருக்கும். மற்றவை எல்லாம் இரண்டு. செம்மண்ணில் நிற்கிற நமக்கு இது விந்தையாகத் தோன்றும். காற்றில் ஒட்சிசன் நிறைந்த மேற்பரப்புத்தான் பூமியில் விதிவிலக்கு.

தேயிலைத் தொழிற்சாலையில் சொல்லும் ஒட்சியேற்றமும் இதுவா?

இலத்திரன் கைமாறுகிறது என்ற அளவில் ஆம். ஆனால் அங்கே வேலை செய்வது கொழுந்தில் உள்ள ஒரு நொதியம், மாறுவது பொலிபீனோல். உருட்டிய கொழுந்து செப்பு நிறமாவது அதனால்தான். இரும்புக்கு அதில் பங்கில்லை. மூடகத்தில் கொழுந்தும் இல்லை.

அவ்வளவு ஆழத்தில் காற்றே கிடையாது. பிறகு எந்த ஒட்சிசனை அளக்கிறார்கள்?

வாயுவை அளப்பதில்லை. பாறை, தன்னைச் சுற்றி ஒட்சிசன் வாயு இருந்திருந்தால் எந்த அமுக்கத்தில் அதோடு சமநிலையில் நிற்கும் என்று கணிக்கிறார்கள். ஒட்சிசனுக்கான பசி என்று சொல்லலாம்: அந்த அமுக்கம் குறையக் குறையப் பசி கூடுதல். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். குவாட்சு, காந்தம் இழுக்கும் இரும்பு ஒட்சைட்டாகிய மக்னதைட்டு, இரும்பு ஒலிவீனாகிய ஃபயலைட்டு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அந்தப் பசி ஒரு வெப்பநிலையில் ஒரே இடத்தில் நின்றுவிடும். 1,200 பாகை செல்சியசில் அந்த ஒட்சிசன் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் பத்துக் கோடியில் ஒரு பங்கையும்விடக் குறைவு. கடலடி எரிமலைப் பாறைகள் ஏறத்தாழ இந்தக் கோட்டின் அருகே வருகின்றன. அதையே 'ஒட்சியேறியவை' என்று பேசுவார்கள். எல்லாம் ஒப்பீடுதானே.

சரி, ஐதரசனும் இரும்பின் நிலையும் தனித்தனிப் பாடம் மாதிரி இருக்கின்றன. ஏன் சேர்த்தே பேசுகிறீர்கள்?

ஏனென்றால் இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் படித்தால் மற்றது நம்மை ஏமாற்றிவிடும்.

பளிங்கின் உள்ளே ஓர் ஒட்சிசனில் ஒட்டியிருக்கும் புரோத்தனை எண்ணுங்கள். பாறை மேலே வருகிறது, அமுக்கம் குறைகிறது, ஐதரசனுக்கு வெளியேற வேண்டும். புரோத்தன் தன் நேர் ஏற்றத்தைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனால் பளிங்கில் எதிர் ஏற்றம் மிஞ்சிவிடும். அதனால் அது போகும்போது பக்கத்து இரும்பிடமிருந்து ஓர் இலத்திரனைக் கையோடு எடுத்துக்கொண்டு, நடுநிலை ஐதரசனாகப் போகிறது. இலத்திரனைப் பறிகொடுத்த இரும்பு இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறுகிறது. வெளியிலிருந்து ஒட்சிசன் ஒரு துளிகூட வரவில்லை. ஆனாலும் கல் ஒட்சியேறிவிட்டது.

இதன் அளவைக் கரும்பலகையிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ மூடகப் பாறையில் இரும்பு சுமார் 60 கிராம். பத்து இலட்சத்தில் 100 பங்கு தண்ணீர் என்றால் ஐதரசன் 11 மில்லிகிராம். அது முழுவதும் மேற்சொன்ன வழியில் வெளியேறினால் 0.6 கிராம் இரும்பு மூன்றாம் நிலைக்கு ஏறும். அதாவது நூற்றுக்கு ஒன்று. அங்கே மொத்தமே நூற்றுக்கு இரண்டு முதல் நான்குதான் என்று முன்பே சொன்னேன். ஆகவே வரும் வழியில் போன இரண்டு சொட்டுத் தண்ணீர், கல்லின் பிறப்புச் சான்றிதழில் மூன்றில் ஒரு வரியைத் திருத்திவிடக்கூடும்.

இதை நம் மண்ணிலேயே காணலாம், ஆனால் மூடகத்தில் அல்ல, மாணிக்கத்தில். பால்போல் வெளிறிய கெவுட என்ற குருந்தக் கல்லை எவரும் முன்பு மதித்ததில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிப்போய், ஒட்சிசன் இல்லாத தாழ்த்தும் சூழலில் 1,600 பாகைக்கு மேல் சூடாக்கி நீலமாக்கினார்கள். உள்ளே இருந்த இரும்பு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கி, தைத்தேனியத்தோடு சோடி சேர்ந்ததும் நீலம் வந்துவிட்டது. அதே கல்லைக் காற்றோட்டத்தில் சூடாக்கினால் நீலம் வெளிறும். ஐதரசன் சூழலில் சூடாக்கிய கற்களில் ஒட்சிசனோடு ஒட்டிய ஐதரசனின் அடையாளம் செங்கீழ்க் கதிரில் தெரியும். பொகவந்தலாவை ஓடைகளில் சரளை அலசுகிறவர்களுக்கு இந்தச் சூத்திரம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அடுப்பின் சூழல் கல்லின் விலையை மாற்றும் என்பது கல் வியாபாரத்தில் இருக்கும் எவருக்கும் தெரியும்.

இன்னும் ஆழத்துக்குப் போனால்?

போகப் போகத் தாழ்த்தும் சூழல். ஏறத்தாழ 250 கிலோமீற்றருக்குக் கீழே இரும்பு உலோகமாகவே பிரிந்து நிற்கும் அளவுக்கு ஒட்சிசன் பசி கூடிவிடுகிறது. அங்கே கரைந்து திரியும் பாய்மத்தில் தண்ணீரைவிட மெதேனும் மூலக்கூறு ஐதரசனும் முக்கியமாகின்றன. சாட்சி வேண்டுமா? 1905இல் தென்னாபிரிக்காவில் எடுத்த 3,106 கரட் கலினன் வைரத்தின் இனத்தைச் சேர்ந்த பெரிய வைரங்களுக்குள் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத் துணுக்குகள் இருப்பதை 2016இல் வெளியிட்டார்கள். அந்தத் துணுக்குகளைச் சுற்றி மெதேனும் ஐதரசனும் மெல்லிய உறையாக இருந்தன.

660 கிலோமீற்றருக்குக் கீழே கதை திரும்புகிறது. அங்கே முதன்மையான கனியம் பிரிட்ஜ்மனைட்டு. அலுமினியம் உள்ள பிரிட்ஜ்மனைட்டு மூன்றாம் நிலை இரும்பை விரும்பி ஏற்கும். ஆனால் கொடுப்பதற்கு ஒட்சிசன் இல்லை. அதனால் மூன்று 'இரண்டாம் நிலை' இரும்புகள் தங்களுக்குள்ளேயே பங்கு பிரித்துக்கொள்கின்றன: இரண்டு மூன்றுக்கு ஏறும், ஒன்று பூச்சியத்துக்கு, உலோகத்துக்கு, இறங்கும். ஆகவே கீழ்மூடகத்தில் மூன்றாம் நிலை இரும்பு நிறைய. அதைப் பார்த்து 'ஒட்சியேறிய இடம்' என்று சொன்னால் தவறு, பக்கத்திலேயே உலோகம் இருக்கிறது. என் மாணவர்களில் பாதிப் பேர் இங்கேதான் பேனாவைக் கீழே வைப்பார்கள். ஒட்சியேற்ற எண் ஒன்று, ஒட்சிசன் பசி வேறொன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மேலிருந்து தண்ணீர் உள்ளே போவது உண்டா?

உண்டு. 2004 சுனாமியை எழுப்பிய அதே சுமாத்திரா விளிம்பில் இந்து சமுத்திரத் தட்டு உள்ளே மூழ்குகிறது. கடல்நீர் ஊறிய கனியங்களும் அதோடு போகின்றன. ஆழத்தில் சூடேறி அவை தண்ணீரை விடுவிக்க, மேலே உள்ள மூடகம் உருகுகிறது. சுமாத்திரா, ஜாவா எரிமலை வரிசை அதன் விளைவு. இத்தகைய இடங்களின் எரிகுழம்பில் தண்ணீரும் அதிகம், மூன்றாம் நிலை இரும்பும் அதிகம். இரண்டும் கூடவே ஏறுவதை கத்தரின் கெலியும் எலிசபெத் கொட்ரெலும் 2009இல் காட்டினார்கள். ஆனால் தண்ணீரே நேராக ஒட்சியேற்றியதா, மூழ்கும் தட்டிலிருந்து வந்த வேறு பொருளா என்ற வழக்கு ஓயவில்லை. தண்ணீர் ஒட்சியேற்ற வேண்டுமானால் ஐதரசன் தப்பி ஓட வழி வேண்டும். ஓடவில்லையென்றால் பழைய கணக்குக்கே திரும்பிவிடும்.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

ஐதரசனுக்குச் செங்கீழ்க் கதிர். பளிங்கை மெல்லிய தகடாகத் தேய்த்துக் கதிரைச் செலுத்தினால், ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பு சென்ரிமீற்றருக்கு 3,000 முதல் 3,700 வரையான அலையெண்களில் விழுங்கிவிடும். இரும்புக்கு மொஸ்பவர் முறை: காமாக் கதிரால் இரும்பின் கருவைத் தொட்டு அதன் நிலையைக் கேட்பது. ருடொல்ப் மொஸ்பவர் 1958இல் கண்ட விளைவு அது, 1961இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்த அளவீட்டில் ஏமாறுவது எளிது. பட்டப்படிப்புக் காலத்தில் ஒரு கல்தகட்டில் ஏராளமான ஐதரசனைக் கண்டு இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அது தகட்டை ஒட்டிய பசையின் ஐதரசன் என்று தெரிந்தது. கல்லைக் குறை சொல்ல முடியாது.

நம் மலைகள் மூடகத்திலிருந்து வந்தவையா?

இல்லை. பிதுருதலாகலையின் 2,524 மீற்றரும் புவியோட்டுப் பாறைதான். அதன் கீழே புவியோடு இன்னும் 30 முதல் 40 கிலோமீற்றர் வரை போகிறது. எரிமலை இல்லாத நாடு என்பதால் மூடகத் துண்டுகளைச் சுமந்துவரும் எரிகுழம்பும் நமக்கு இல்லை.

ஆனாலும் நம் கல் இந்தப் பாடத்துக்கு அந்நியம் அல்ல. மலைநாட்டின் பாறைகள் ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாக் கண்டம் ஒட்டிக்கொண்ட காலத்தில், புவியோட்டின் அடியில் வெந்தவை. நம் கருங்கல் பலவும் சாணகைட்டு இனம். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் யோப் சாணக்கின் கல்லறைக்குப் போட்ட கல்லை வைத்து வந்த பெயர். அந்தக் கல்லோ சென்னைப் பரங்கிமலையிலிருந்து போனது. வெப்பத்தில் தண்ணீரை இழந்து வறண்டுபோன பாறை அது. நீர் கொண்ட மைக்கா இருக்கவேண்டிய இடத்தில் நீரற்ற பைரொட்சீன் நிற்கும்.

இன்னொன்று ரூபஹ. நுவரெலியா மாவட்டத்தின் அந்தப் பகுதியில் சர்ப்பெண்டினைட்டுப் பாறை வெளியே தெரிகிறது. ஒலிவீன் நிறைந்த பாறையில் தண்ணீர் புகுந்தால் இரும்பு ஒட்சியேறி மக்னதைட்டாகும், தண்ணீர் தாழ்ந்து ஐதரசன் வாயுவாகும், மீதி சர்ப்பெண்டைன் என்ற வழுவழுப்பான கனியமாகும். பாம்புத் தோல் போன்ற தோற்றத்தால் வந்த பெயர். ஒரு காந்தத்தை நூலில் கட்டிக்கொண்டு போங்கள், மக்னதைட்டு இழுப்பது தெரியும்.

அப்படியானால் ரூபஹவில் ஐதரசன் எரிபொருள் எடுக்கலாமா?

அவசரப்படவேண்டாம். மாலி நாட்டில் 1987இல் தண்ணீருக்குத் துளைத்த கிணறு ஒன்றில் ஐதரசன் வந்து தீப்பிடித்தது உண்மை, பிறகு அதிலிருந்து ஊருக்கு மின்சாரம் எடுத்ததும் உண்மை. ஆனால் அதற்குப் பாறையும் புதிய நீரும் மூடிவைக்கும் படையும் ஒன்றாக வாய்க்கவேண்டும். ஏற்கெனவே சர்ப்பெண்டைனாகிவிட்ட பாறை தன் வேலையை முடித்துவிட்ட பாறை.

மண்சரிவுக்கும் இந்த ஆழத்து நீருக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களைப் புதைத்தது மழை ஊறிய மேல்மண். மூடகத்தின் ஐதரசனுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இதில் எதுவுமே பரீட்சைக்கு வராதா, சேர்?

மூடகம் வராது. சமன்பாட்டைச் சமப்படுத்துவது வரும். மூன்று ஃபயலைட்டும் இரண்டு தண்ணீரும் சேர்ந்து இரண்டு மக்னதைட்டு, மூன்று சிலிக்கா, இரண்டு ஐதரசன் மூலக்கூறு. இரும்பின் பக்கம் பாருங்கள்: இடப்புறத்தில் ஆறும் இரண்டாம் நிலை, வலப்புறத்தில் ஆறில் நான்கு மூன்றாம் நிலை, ஆக நான்கு இலத்திரன் போயிருக்கிறது. ஐதரசனின் பக்கத்தில் நான்கு புரோத்தன்கள், நான்கு இலத்திரன்கள். எண்ணிக்கை ஒத்துவராதவர்கள் மக்னதைட்டின் மூன்று இரும்புக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். அதில் ஒன்று இரண்டாம் நிலையிலேயே நின்றுவிட்டது.